பெயர் தேடும் வேலை: ராய் ஸ்ட்ராங்கும் டியூடர் காலத்து முகங்களும்

1965இல் லண்டனின் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி ஒரு பெண்ணின் முழு உருவப்படத்தை விலைக்கு வாங்கியது. ஓக் பலகையில் எண்ணெய் வண்ணம்; உயரம் 180 சென்டிமீட்டர். வெள்ளிச் சரிகை இழைத்த கனத்த உடை, ரோமம் வைத்த அகன்ற சட்டைக்கை, மார்பில் கிரீடத்தைத் தலைப்பாகக் கொண்ட ஒரு பதக்கம். காலில் விழும் மடிப்பு வரை செல்வம் தெரிகிறது. ஆனால் இவர் யார் என்று படம் சொல்லவில்லை. வழிவழியாக எட்டாம் ஹென்றியின் கடைசி மனைவி கேத்தரின் பார் என்று சொல்லிவந்தார்கள். கேலரியின் இளம் உதவிக் காப்பாளர் ராய் ஸ்ட்ராங் அதை ஏற்கவில்லை. 1620இல் அச்சான ஒரு செதுக்குப்படத்தில் லேடி ஜேன் கிரே என்ற பெயரின் மேல் இருக்கும் பெண்ணும் இதே போன்ற பதக்கத்தை அணிந்திருக்கிறாள் என்று அவர் காட்டினார். ஒன்பது நாள் ராணியாக இருந்து 1554இல் தலை வெட்டப்பட்ட அந்தச் சிறுபெண்ணுக்கு நம்பத்தகுந்த படம் எதுவும் அதுவரை கிடைத்திருக்கவில்லை. ஆகவே பெயர் மாறியது. பாடநூல்களும் அட்டைப்படங்களும் அஞ்சலட்டைகளும் முப்பது ஆண்டுகள் இவளை ஜேன் என்றே அழைத்தன.

1996இல் சூசன் ஜேம்ஸ் என்ற வரலாற்றாளர் ‘பர்லிங்டன் மேகசின்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் முகத்தை ஆராயவில்லை, நகைப் பட்டியலைப் படித்தார். கேத்தரின் பாருக்குச் சொந்தமான நகைகளின் பட்டியலில் அந்தக் கிரீடப் பதக்கம் எழுதப்பட்டிருந்தது. 1620இன் செதுக்குப்படமே கேத்தரினின் ஏதோ ஒரு படத்தைப் பார்த்துச் செய்யப்பட்டு, பெயர் மாறிப்போனது என்றும் அதனால் புரிந்தது. கேலரி பெயர்ப்பலகையை மாற்றியது. இன்று அந்தப் படம் கேத்தரின் பார். வரைந்தவர் ‘மாஸ்டர் ஜான்’ என்பது பொதுவான கருத்து.

இந்தக் கதையை ஸ்ட்ராங்கின் சறுக்கலாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி வாசிக்கவில்லை. அவர் ஜேன் என்று எழுதியபோது எந்த நகை, எந்தச் செதுக்குப்படம், எந்த ஆண்டு என்று காரணத்தையும் சேர்த்தே அச்சிட்டார். அதனால்தான் முப்பதாண்டு கழித்து இன்னொருவர் அதே நகையைப் பிடித்துக்கொண்டு அவரை மறுக்க முடிந்தது. உருவப்பட வரலாறு என்ற துறை முன்னேறுவது இப்படித்தான். ஸ்ட்ராங்கின் வாழ்க்கையைப் பற்றி எழுதும் பலரும் அவருடைய உடை, மீசை, நாட்குறிப்பில் அவர் கொட்டிய வம்பு ஆகியவற்றில் நின்றுவிடுகிறார்கள். அவர் செய்த பட்டியல் வேலையில்தான் அவருடைய உண்மையான உயரம் இருக்கிறது என்பது என் கருத்து.

அந்த வேலை எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்க்க, கேலரியின் பிறப்புக்குப் போகவேண்டும். 1856இல் அது நிறுவப்பட்டபோதே ஒரு விதி வகுக்கப்பட்டது: ஓவியனின் திறமையை விட, படத்தில் இருப்பவரின் புகழே முதல் தகுதி. மற்ற ஓவியக் கூடங்கள் யார் வரைந்தார் என்று கேட்கும். இங்கே யாரை வரைந்தார் என்பதே முதற்கேள்வி. இறந்து பத்தாண்டு கழியாதவரின் படத்தை ஏற்பதில்லை என்பது அன்றைய இன்னொரு விதி. அரசரும் அவர் துணையும் மட்டும் விலக்கு. கேலரியின் முதலாம் எண் பெற்ற படம் ஷேக்ஸ்பியர் என்று சொல்லப்படும் சாண்டோஸ் ஓவியம். அதுவும் நூறு சதவீதம் உறுதியான அடையாளம் அல்ல. ஆக, பிறந்த நாளிலிருந்தே இந்த நிறுவனத்தின் தலையில் பெயர் பற்றிய ஐயம் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

முதல் செயலாளராக 1857இல் வந்த ஜார்ஜ் ஷார்ஃப் இந்த ஐயத்தை ஒரு முறையாக மாற்றினார். அடிப்படையில் அவர் ஒரு வரைகலைஞர். பெரிய பண்ணை மாளிகைகளுக்குப் போய், சுவரில் தொங்கும் ஒவ்வொரு பழைய படத்தையும் தன் குறிப்பேட்டில் வரைந்துகொள்வார். அதன் அளவு, கண்ணின் நிறம், தலைமுடியின் நிறம், மூலையில் இருக்கும் எழுத்து, மரச்சட்டத்தின் பின்பக்கம் ஒட்டிய சீட்டு எல்லாவற்றையும் பக்கத்திலேயே எழுதிவைப்பார். ஒளிப்படம் எளிதாகக் கிடைக்காத காலத்தில் அது ஒன்றுதான் இரண்டு ஊர்களில் இருக்கும் இரண்டு படங்களை ஒப்பிடும் வழி. ஸ்காட்லாந்து ராணி மேரியின் படங்கள் என்று ஊருக்கு ஊர் காட்டப்பட்டவற்றில் எவை உண்மையானவை என்று பிரித்தெடுக்க அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். அந்த நூலைத் தானே முடிக்காமல் 1895இல் இறந்தார். அவருக்குப் பின் இயக்குநரான லயனல் கஸ்ட், ஷார்ஃபின் குறிப்புகளை வைத்தே 1903இல் அதை வெளியிட்டார். ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்வது என்ற வழக்கம் அந்தக் கட்டடத்துக்குள் அப்போதே ஊறிவிட்டது.

ராய் ஸ்ட்ராங் பிறந்தது 1935இல், வடக்கு லண்டனின் விஞ்ச்மோர் ஹில் பகுதியில். அப்பா தொப்பி வியாபாரத்தில் ஊர் ஊராகச் சுற்றிய விற்பனைப் பிரதிநிதி. ஓவியம் தொங்கும் வீடும் இல்லை, ஓவியம் வாங்கும் உறவும் இல்லை. உள்ளூர் கிராமர் பள்ளி, பிறகு லண்டன் குவீன் மேரி கல்லூரியில் வரலாறு. அதற்குப் பின் அவர் போய்ச் சேர்ந்த இடம்தான் அவரை உருவாக்கியது: வார்பர்க் இன்ஸ்டிட்யூட்.

அந்த நிறுவனம் ஆபி வார்பர்க் என்ற ஹாம்பர்க் வங்கிக் குடும்பத்து அறிஞரின் நூலகமாகத் தொடங்கியது. நாஜி ஆட்சி வந்ததும் 1933இல் புத்தகங்களோடு லண்டனுக்குப் பெயர்ந்தது. 1902இல் வார்பர்க் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையின் வேர்களில் ஒன்று. ஃப்ளாரன்ஸ் நகரின் சான்டா ட்ரினிடா கோவிலில் கிர்லாண்டையோ தீட்டிய சுவரோவியத்தில், மெடிசி வங்கியின் மேலாளர் சசெட்டி தன் முதலாளி லொரென்சோவின் பக்கத்தில் நிற்கிறார். தரைக்குக் கீழிருந்து படிக்கட்டில் சில முகங்கள் ஏறி வருகின்றன. பதக்கங்களையும் ஆவணங்களையும் ஒப்பிட்டு, அவர்கள் லொரென்சோவின் பிள்ளைகளும் அவர்களுக்குப் பாடம் சொன்ன கவிஞர் பொலிசியானோவும் என்று வார்பர்க் நிறுவினார். பிறகு ஒரு படி மேலே போனார். அதே ஊரில் இன்னொரு கோவிலில் மக்கள் தங்களை ஆளுயர மெழுகு உருவமாகச் செய்து, தங்கள் உடையையே உடுத்தி, நேர்த்திக்கடனாக நிறுத்திவைத்தார்கள் என்பதை எடுத்துச் சொன்னார். சுவரில் இருக்கும் முகமும் அந்த மெழுகு உருவமும் ஒரே ஆசையின் இரு வடிவங்கள். உருவப்படம் என்பது அழகுப் பொருள் மட்டும் இல்லை, அது ஒரு செயல், ஒரு வேண்டுதல், ஒரு அறிவிப்பு என்பதை அந்தக் கட்டுரை உறுதியாக நிறுவியது.

ஸ்ட்ராங்குக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் பிரான்சிஸ் யேட்ஸ். முதலாம் எலிசபெத்தை அஸ்ட்ரேயா என்ற நீதிக் கன்னியாகக் கொண்டாடிய மரபைப் பற்றி 1947லேயே எழுதியவர் அவர். அவரிடம் ஸ்ட்ராங் எலிசபெத் காலத்து அரச விழாக்களை ஆராய்ந்தார். 1959இல் கேலரியில் உதவிக் காப்பாளராக நுழைந்தபோது அவர் கையில் இரண்டு கருவிகள் இருந்தன: ஷார்ஃபின் வாரிசாகக் கிடைத்த ஆவணப் பெட்டிகள் ஒன்று, படத்தில் இருக்கும் ஒவ்வொரு பூவும் முத்தும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கும் வார்பர்க் பழக்கம் இன்னொன்று. இவ்விரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தது அந்தத் துறைக்குப் பெரிய பேறு.

அன்றைய ரசனையில் டியூடர் படங்களுக்கு மதிப்பு மிகக் குறைவு. ஹோல்பைன் இறந்த 1543க்கும் வான் டைக் லண்டன் வந்த 1632க்கும் நடுவே இங்கிலாந்தில் ஓவியமே இல்லை என்பதுபோல் பேசினார்கள். முகம் தட்டை, கை மரக்கட்டை, தூரமும் ஆழமும் கிடையாது. இத்தாலியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை வெறும் குறைகள். 1969இல் வந்த ‘தி இங்கிலிஷ் ஐகான்’ நூலில் ஸ்ட்ராங் இதைத் தலைகீழாக்கினார். மதச் சீர்திருத்தம் கோவில்களிலிருந்து புனிதர்களின் உருவங்களை அகற்றிவிட்டது. உருவத்துக்கு முன் நிற்கும் மனிதத் தேவை அதனால் மறையவில்லை. அது அரசியின் படத்துக்கும் பிரபுவின் படத்துக்கும் இடம் மாறியது. அந்தப் படங்கள் ஒரு கணத்தைக் காட்ட விரும்பவில்லை, ஒரு நிலையைக் காட்ட விரும்பின. நிழல் வேண்டாம் என்பதே அதன் இலக்கணம். எலிசபெத் தன் சிற்றோவியக் கலைஞர் நிக்கலஸ் ஹில்லியார்டிடம் திறந்த தோட்டத்தில், நிழல் விழாத இடத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டதை ஹில்லியார்டே எழுதிவைத்திருக்கிறார்.

கேலரியில் இருக்கும் டிச்லி ஓவியத்தின் முன் நின்றால் இந்த வாதம் கண்ணுக்குத் தெரியும். மார்கஸ் கீரார்ட்ஸ் சுமார் 1592இல் வரைந்தது. கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர் உயரத் துணி. எலிசபெத் ராணி உலக உருண்டையின் மேல், இங்கிலாந்து வரைபடத்தில் நிற்கிறார். காலணி நுனி ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் படிகிறது. அங்கேதான் இந்தப் படத்தைச் செய்வித்த சர் ஹென்றி லீயின் டிச்லி மாளிகை இருந்தது. ராணிக்கு ஒரு பக்கம் தெளிந்த வானம், மறுபக்கம் இடி மின்னல். காதருகே வளையங்களால் ஆன வானக்கோளம் ஒன்று நகையாகத் தொங்குகிறது. வலப்பக்கம் சூரியனைப் பற்றிய ஒரு செய்யுள் எழுதப்பட்டிருக்கிறது; ஆனால் பிற்காலத்தில் யாரோ துணியின் ஓரத்தை வெட்டிவிட்டதால் அதன் வரிகள் எல்லாம் கடைசிச் சொற்களை இழந்து நிற்கின்றன. ராணியின் வீரராகக் குதிரைப் போட்டிகளில் பொருது 1590இல் ஓய்வு பெற்ற முதியவர் லீ, 1592இல் தன் வீட்டுக்கு வந்த ராணியை விழா எடுத்து வரவேற்றார். அந்த விழாவின் பேச்சுகளையும் வேடங்களையும் ஆராய்ந்தவருக்குத்தான் இந்தப் படம் முழுதாகத் திறக்கும். ஸ்ட்ராங் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தார்.

முகத்தைப் பற்றி அவர் சொன்னது இன்னும் கூர்மையானது. டிச்லி படத்தில் ராணிக்கு ஏறக்குறைய அறுபது வயது. கன்னம் ஒடுங்கியது தெரிகிறது. அதே படத்தைப் பார்த்துச் செய்த நகல்களில் முகம் இளகி இளமையாகிறது. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் (வி அண்ட் ஏ) அருங்காட்சியகத்தில் ஐசக் ஆலிவர் தொடங்கி முடிக்காமல் விட்ட ஒரு சிற்றோவியம் இருக்கிறது. முகம் மட்டும் வண்ணம் பெற்றிருக்கிறது, உடையும் கழுத்துப்பட்டியும் வெறும் கோடுகள். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் படத்தில் மெலிந்த உதடும் வளைந்த மூக்கும் உள்வாங்கிய கண்ணும் ஒளிவுமறைவில்லாமல் இருக்கின்றன. அது அரண்மனைக்குப் பிடிக்கவில்லை, ஆலிவரிடம் மறுபடி அரச வேலை போகவில்லை என்பது ஸ்ட்ராங்கின் முடிவு. 1596இல் அரசியின் ஆலோசனைச் சபை, அவருடைய தோற்றத்தைக் கெடுக்கும் படங்களைத் தேடி அழிக்கும்படி ஆணையிட்டது. அதற்குப் பின் ஹில்லியார்ட் வரைந்த ராணிக்கு வயதே ஆவதில்லை. ‘இளமை முகமூடி’ என்று ஸ்ட்ராங் இதற்கு வைத்த பெயர் இன்று எல்லோருடைய நூல்களிலும் புழங்குகிறது.

இங்கே அவரோடு நான் முழுதாக உடன்பட முடியவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் அரண்மனையின் திட்டமிட்ட கை இருந்தது என்று எண்ணும் சாய்வு அவரிடம் இருந்தது. சிட்னி ஆங்லோ போன்ற வரலாற்றாளர்கள் இதைக் கடுமையாக மறுத்தார்கள்: இந்தப் படங்களைப் பார்த்தவர்கள் எத்தனை பேர், பார்த்தவர்களுக்கு அந்த மறைபொருள் புரிந்ததா என்று கேட்டார்கள். டிச்லி ஓவியமே அதற்குச் சாட்சி. அதைச் செய்வித்தவர் ராணி அல்ல. ராணியின் தயவை மறுபடி நாடிய ஒரு முதிய பிரபு. மேலிருந்து கீழே வந்த பிரசாரம் என்பதை விட, கீழிருந்து மேலே போன விண்ணப்பம் என்று அதைப் படிப்பதே பொருந்தும். வார்பர்க் ஃப்ளாரன்ஸின் மெழுகு உருவங்களில் கண்டதும் அதுதானே. யேட்ஸிடம் கற்ற விழாக்கலை, ஸ்ட்ராங்கை அரசின் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே இழுத்துவிட்டது.

இப்போது பட்டியலுக்கு வருகிறேன். 1963இல் எலிசபெத்தின் உருவப்படங்களை ஓவியம், சிற்றோவியம், செதுக்குப்படம், பதக்கம் என்று வகை பிரித்து ஸ்ட்ராங் ஒரு நூல் வெளியிட்டார். 1969இல் கேலரியின் ‘டியூடர் அண்ட் ஜேக்கபியன் போர்ட்ரெய்ட்ஸ்’ இரண்டு பாகங்களாக வந்தது. இதைப் படிக்கச் சுவையான நூல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு பதிவிலும் படத்தின் நிலை, அளவு, எழுத்து, கைமாறிய வரலாறு, அதே ஆளின் மற்ற அறியப்பட்ட படங்கள், பொய்யாகப் பெயர் சூட்டப்பட்ட படங்கள் எல்லாம் அடுக்கப்பட்டிருக்கின்றன. பொய்ப் பெயர்களையும் விடாமல் பதிந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு மாளிகைக்காரர் தன் பாட்டியின் படத்தை ஏதோ ஒரு ராணி என்று நம்பிக்கொண்டிருந்தால், அந்த நம்பிக்கை எப்போது, எதனால் தொடங்கியது என்று அறிவதும் ஆய்வுதான்.

பெயர் எப்படிக் கிடைக்கிறது? முகச்சாயலை வைத்து முடிவு செய்வது கடைசி வழி; அதுவே மிகவும் ஏமாற்றும் வழியும். முதலில் எழுத்து. எழுத்து எப்போது எழுதப்பட்டது என்று பார்க்கவேண்டும். நூறாண்டு கழித்து ஒரு வாரிசு எழுதியதாக இருக்கலாம். ஜான் லம்லி என்ற பிரபுவிடம் பெரிய படத் தொகுப்பு இருந்தது; அவர் தன் படங்கள் பலவற்றில், காகிதத் துண்டு ஒட்டியதுபோல் தோன்றும் சீட்டை வண்ணத்திலேயே வரையவைத்துப் பெயர் எழுதினார். 1590இல் எடுத்த அவருடைய சொத்துப் பட்டியலும் பிழைத்திருக்கிறது. கஸ்ட் அதை 1918இல் அச்சிட்டார். சீட்டும் பட்டியலும் பொருந்தினால் பெயர் கிட்டத்தட்ட உறுதி. பிறகு குலச்சின்னம், விருதுச் சங்கிலி, உடையின் காலம், நகை.

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். 1559 என்று ஆண்டு எழுதிய ஓர் இரட்டைப் படம். பருத்த முகமுள்ள ஒரு பெண்ணும் மெலிந்த ஓர் இளைஞனும். மூலையில் எச், ஈ என்ற இரண்டெழுத்து முத்திரை. அந்த முத்திரை ஹான்ஸ் ஈவர்த் என்ற பிளெமிஷ் ஓவியருடையது என்று லம்லி பட்டியலின் உதவியால் கண்டவரும் கஸ்ட்தான். அதுவரை வேறொருவர் பெயரில் அந்தப் படங்கள் எல்லாம் கிடந்தன. படத்தில் இருப்பவர்கள் ஜேன் கிரேயின் தாய் பிரான்சஸும், அவர் மறுமணம் செய்துகொண்ட இளம் பணியாள் ஏட்ரியன் ஸ்டோக்ஸும் என்று பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து சொல்லிவந்தார்கள். பெரிய சீமாட்டி, சிறிய கணவன் என்ற கதைக்குப் படமும் வளைந்து கொடுத்தது. ஆனால் படத்திலேயே வயது எழுதியிருக்கிறது: பெண்ணுக்கு 36, இளைஞனுக்கு 21. 1517இல் பிறந்த பிரான்சஸுக்கு 1559இல் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 1986இல் கலை வரலாற்றாளர் சூசன் ஃபாய்ஸ்டர் இதைத் தீர்த்தார். அந்தப் பெண் விரலில் அணிந்த மோதிரம், ஈவர்த் வரைந்து இப்போது கனடாவின் ஒட்டாவாவில் இருக்கும் லேடி டேக்கரின் படத்தில் உள்ள மோதிரமேதான். அவர் மேரி நெவில். பக்கத்தில் இருப்பவன் கணவன் அல்ல, மகன் கிரிகரி. மேரியின் கணவர் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டு, குடும்பம் பட்டத்தையும் நிலத்தையும் இழந்திருந்தது. எலிசபெத் அரியணை ஏறியதும் அவை மகனுக்குத் திரும்பிவந்தன. அம்மாவும் மகனும் சேர்ந்து நிற்பதற்கான காரணம் அதுதான். பெயர் மாறியதும் இருநூறு ஆண்டுக் கேலிக்கதை உதிர்ந்து, ஒரு விதவையின் பதினெட்டு ஆண்டுப் போராட்டம் அங்கே வந்து நின்றது.

ஈவர்த்தின் படங்களைச் சேர்த்து 1965இல் லெஸ்டர் நகரில் ஒரு காட்சி நடந்தபோது அதற்கு ஆய்வு செய்தவர் ஸ்ட்ராங். அப்போது அவருக்குத் தெரியாதது பின்னர் ஃபாய்ஸ்டருக்குத் தெரிந்தது. அதில் குறையொன்றும் இல்லை. படங்கள் ஒரே அறையில் கூடியதால்தான், ஒளிப்படங்கள் ஒரே பெட்டியில் சேர்ந்ததால்தான், மோதிரத்தோடு மோதிரத்தை ஒப்பிட முடிந்தது.

1967இல், 31 வயதில், ஸ்ட்ராங் கேலரியின் இயக்குநரானார். அதே ஆண்டு ஹோல்பைனையும் எட்டாம் ஹென்றியையும் பற்றிய அவர் நூல் வந்தது. ஒயிட்ஹால் அரண்மனைச் சுவரில் 1537இல் ஹோல்பைன் வரைந்த ஓவியம் 1698 தீயில் அழிந்துவிட்டது. அதற்காக அவர் தயாரித்த ஆளுயர மாதிரிப் படத்தின் இடப்பாதி மட்டும் கேலரியில் இருக்கிறது. தாளின் கோடுகள் நெடுக ஊசித் துளைகள்; கரித்தூளைத் துளைகள் வழியே தட்டிச் சுவருக்கு உருவை மாற்றிய வேலையின் தடம் அது. மாதிரியில் ஹென்றியின் முகம் சற்றே பக்கம் திரும்பியிருக்கிறது. தீக்கு முன் 1667இல் எடுத்த சிறு நகலிலோ அவர் நேராக நம்மைப் பார்க்கிறார். அதாவது வேலை நடக்கும்போதே யாரோ முடிவை மாற்றியிருக்கிறார்கள். உலகம் இன்று ஹென்றி என்றதும் நினைக்கும் அந்த அகன்ற நேர்முகம், அந்த ஒரு திருத்தத்தில் பிறந்தது.

இயக்குநராக அவர் செய்த இரண்டு செயல்கள் துறையின் எல்லையையே நகர்த்தின. 1968இல் ஒளிப்படக் கலைஞர் சிசில் பீட்டனின் படங்களைக் காட்சிக்கு வைத்தார். அதற்குமுன் ஒளிப்படம் அந்தக் கட்டடத்தில் ஆவணப் பெட்டியின் பொருள்தான், சுவரில் ஏறியதில்லை. கூட்டம் தெருவில் வரிசை கட்டியது. அடுத்த ஆண்டு, உயிரோடு இருப்பவர்களின் படத்தை ஏற்பதில்லை என்ற 1856இன் விதியை அறங்காவலர்கள் நீக்கினார்கள். அதன்பின் கேலரி தானே ஓவியர்களை அமர்த்திச் சமகாலத்தவரை வரையவைக்க முடிந்தது. நானூறு ஆண்டு கழித்து ஒருவர் நகைப் பட்டியலைத் தேட வேண்டிய நிலை இன்றைய முகங்களுக்கு நேராது என்பது இதன் ஒரு பயன். 1974இல் அவர் வி அண்ட் ஏ அருங்காட்சியகத்தின் இயக்குநராகப் போய் 1987 வரை இருந்தார். அழிந்துவரும் கிராமப்புற மாளிகைகளைப் பற்றி அவர் அங்கே வைத்த காட்சி பெரும் விவாதத்தைக் கிளப்பியது. நிர்வாகச் சண்டைகள், நாட்குறிப்புகள், தோட்டக்கலை என்று அந்த வாழ்க்கை வேறு திசைகளிலும் விரிந்தது. அவை வேறு கட்டுரைக்கு உரியவை.

2007இல் தொடங்கி டார்ன்யா கூப்பர் தலைமையில் கேலரி தன் டியூடர் படங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அறிவியல் முறையில் சோதித்தது. ஸ்ட்ராங்கின் பட்டியல்தான் அந்தச் சோதனைக்கும் தொடக்கப் புள்ளி. ஓக் பலகையின் ஆண்டு வளையங்களை எண்ணி மரம் வெட்டிய காலத்தைக் கணித்தார்கள். எக்ஸ்ரேயும் அகச்சிவப்புக் கதிரும் வண்ணத்துக்கு அடியில் இருப்பதைக் காட்டின. ஃபீனிக்ஸ், பெலிக்கன் என்று இரண்டு பறவை நகைகளால் பெயர் பெற்ற எலிசபெத்தின் இரண்டு படங்கள் வேறுவேறு ஊர்களில் இருக்கின்றன. அவற்றின் பலகைகள் ஒரே மரங்களிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. ஒரே பட்டறை, ஒரே முகவரைவு, ஒன்றில் அது கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பப்பட்டிருக்கிறது. இன்னொரு படத்தில் ராணியின் கையில் இருந்த பூக்கொத்துக்கு அடியில் ஒரு பாம்பு முதலில் வரையப்பட்டிருந்தது. அதற்கும் அடியில் வேறொரு பெண்ணின் முடியாத முகம்.

இந்தச் சோதனைகளில் ஸ்ட்ராங்கின் வாதத்தை நேரடியாகத் தொடுவது டார்ன்லி ஓவியத்தின் முடிவு. எலிசபெத்தின் சுண்ணாம்பு வெளுப்பு முகத்துக்குப் பேர்போன படம் அது, சுமார் 1575. கன்னத்தில் பூசிய சிவப்பு வண்ணம் வெளிச்சத்தால் மங்கிப்போயிருக்கிறது என்று நுண்ணாய்வு காட்டியது. வரைந்த நாளில் ராணியின் கன்னம் சிவந்திருந்தது. உடையில் இன்று பழுப்பாகத் தெரியும் வேலைப்பாடு அன்று செந்நிறம். உணர்ச்சியற்ற வெள்ளைத் திருவுரு என்று நாம் வாசித்ததில் ஒரு பங்கு, சாயம் வெளுத்ததன் விளைவு. இதனால் ‘ஐகான்’ வாதம் விழுந்துவிடவில்லை. நிழலின்மையும் தட்டையும் அப்படியே இருக்கின்றன. ஆனால் கோட்பாட்டைக் கட்டுமுன் நிறமியைக் கேள் என்ற பாடத்தை இனி யாரும் தவிர்க்க முடியாது.

தீராத வழக்குகளும் இருக்கின்றன. ஜேன் கிரேக்கு இன்னமும் உறுதியான படம் கிடைக்கவில்லை. 2006இல் கேலரி வாங்கிய, அவள் பெயர் எழுதிய ஒரு பலகைப் படம் அவள் இறந்து நாற்பது ஆண்டுக்குப் பிறகு செய்யப்பட்டது என்று மர வளையங்கள் சொல்கின்றன. அதன் கண்ணிலும் வாயிலும் யாரோ வேண்டுமென்றே கீறியிருக்கிறார்கள். அதற்கு ஒரு மூலப்படம் இருந்திருக்குமா என்பதில் அறிஞர்கள் பிரிந்து நிற்கிறார்கள்.

ஹில்லியார்டின் ‘ரோஜாக்களிடையே இளைஞன்’ இன்னொரு வழக்கு. வி அண்ட் ஏயில் இருக்கும் அந்தச் சிற்றோவியத்தின் உயரம் பதினான்கு சென்டிமீட்டர் கூட இல்லை. சுருள்முடி இளைஞன் ஒருவன் மரத்தில் சாய்ந்து, கையை நெஞ்சில் வைத்து நிற்கிறான். முள்ளோடு கூடிய வெள்ளைக் காட்டு ரோஜா அவன் கறுப்பு மேலாடையின் மேலும் வெள்ளைக் காலுறையின் மேலும் படர்கிறது. கறுப்பும் வெள்ளையும் ராணியின் நிறங்கள், அந்த ரோஜா ராணியின் மலர், மேலே எழுதிய லத்தீன் சொற்கள் ரோமத் தளபதி போம்பேயைப் பற்றிக் கவிஞர் லூக்கன் எழுதியவை. ஆகவே இவன் ராணியின் அபிமானத்துக்குரிய எசெக்ஸ் பிரபு ராபர்ட் டெவரோ என்று 1957இல் டேவிட் பைப்பர் சொன்னார். 1977இல் ஸ்ட்ராங் ‘தி கல்ட் ஆஃப் எலிசபெத்’ நூலில் அதை விரித்து நிறுவ முயன்றார். வில்லியம் சீகர் 1590இல் வரைந்த எசெக்ஸின் படம் டப்ளினில் இருக்கிறது. ஒப்பிட அந்த முகம் உண்டு. ஆனால் மற்ற சான்றுகள் எல்லாம் ராணியைத்தான் குறிக்கின்றன, இளைஞனைக் குறிக்கவில்லை. ராணியின் நிறத்தை அணிந்து அவர் மலர் சூழ நிற்கும் உரிமை எசெக்ஸ் ஒருவருக்கு மட்டும் இருந்ததா? அருங்காட்சியகம் இன்று எசெக்ஸாக இருக்கலாம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது, அது சரியான நிலைதான். பதினாறாம் நூற்றாண்டுக் கையெழுத்தில் ஒரு வீட்டுப் பொருட்பட்டியலில் இந்தப் படத்தைப் பற்றி ஒரு வரி கிடைத்தால் வழக்கு முடியும். அதுவரை எசெக்ஸ் அல்ல என்று வாதிடுபவரும் ஸ்ட்ராங்கின் அந்த அத்தியாயத்துக்கு, பூ வாரியாக, நிறம் வாரியாக, முதலில் பதில் சொல்லியாக வேண்டும்.